கதவுக்குப் பின்னால் நாலாவது பெயர்

நேசபாய்க்குப் பயம் வந்தால் கை பென்சிலைத் தேடும். மற்ற பெண்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அதெல்லாம் போதாது. வீட்டில் யார் யார் உண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஆணியில் மாட்டிவிட்டால்தான் மூச்சு ஒழுங்காக வரும். மலாயா அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது.

அவள் பிறந்தது மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, ஞானாபரணம் வைத்தியர் வீட்டில். ஆறு பிள்ளைகள் பிறந்து நாலு தங்கவில்லை. மிஞ்சியது மூத்தவள் நேசபாயும் கடைக்குட்டி தங்கையனும். நடுவில் பதினோரு வருட இடைவெளி. தங்கையனைப் பெற்ற நாற்பதாம் நாள் தாய் கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து அவனை இடுப்பில் சுமந்தது அக்காதான். சோற்றை மசித்து ஊட்டியதும், மாந்தம் வந்தபோது மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான். குன்னத்துகால் எலியா உபதேசியாருக்கு அவளைக் கட்டிக்கொடுத்த அன்று பந்தலில் பெண் அழவில்லை, பத்து வயதுத் தம்பிதான் உருண்டு புரண்டு அழுதான் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் கப்பல். சபையார் கைப்பிடி அரிசி சேர்த்து, எலியாவை மலாயாவுக்கு மிஷனெரியாக அனுப்பினார்கள். மிஷனெரி என்றால் குதிரை வண்டியும் பங்களாவும் என்று நினைக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு அடுப்படி. வார நாட்களில் பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பெரியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஞாயிறு ஆராதனை. ஏழு வருடத்துக்கு ஒரு தடவை ஆறு மாத லீவு. நடுவில் ஜப்பான்காரன் வந்ததால் முதல் லீவே ஒன்பது வருடம் கழித்து, நாற்பத்தேழில்தான் கிடைத்தது.

அந்த லீவில்தான் ஏழு வயது பிரேமகுமாரியை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரே மகள். அங்கே மேல்வகுப்புப் பள்ளிக்கூடம் இல்லை, தோட்டத்தைச் சுற்றிக் காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இறங்குவதாகப் பேச்சு வேறு. எலியாவின் அண்ணன் ராஜதாசும் அவர் பெண்டாட்டி சாராம்மாவும் வளர்த்தார்கள். ஐம்பத்துநாலு ஜூலையில் திரும்பி வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி பெரியம்மை சாராம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். சாராம்மாவை 'அம்மை' என்று கூப்பிட்டவள் பெற்றவளை எப்படியும் கூப்பிடவில்லை. 'சோறு ஆச்சு', 'தண்ணி வேணுமா' என்று விளி இல்லாமலே பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டாள்.

"ராத்திரி நீ அவியகூட போய் கெட மக்கா. பெத்தவ இல்லியா, ஆறு மாசந்தானே" என்று சாராம்மாதான் அவளைப் பக்கத்துப் பறம்பில் தோப்புக்குள் இருந்த பழைய வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவள் போல வந்து சேர்ந்தாள்.

வந்த அன்றைக்கே நேசபாய் கதவுக்குப் பின்னால் காகிதம் மாட்டினாள். எலியா, வீட்டுக்காரர். நேசபாய், மனைவி. பிரேமகுமாரி, மகள். கீழே தேதி.

எலியா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது குன்னத்துகாலாக்கும். இஞ்ச யாரு வந்து எண்ணப் போறா?"

"கெடக்கட்டும்" என்றாள். "கெடந்தா ஒண்ணும் கொறையாது."

அங்கே அது சட்டம். நாற்பத்தெட்டில் காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார சர்க்காருக்குச் சண்டை தொடங்கியபின், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் பேர்ப்பட்டியல் தொங்க வேண்டும். விருந்தாளி வந்தால் பொழுது சாயும் முன் பேர் ஏற வேண்டும். பட்டியலில் உள்ள தலைக்கும் பாயில் கிடக்கும் தலைக்கும் ஒன்று வித்தியாசம் வந்தாலும் பட்டாளக்காரன் ஆளைப் பிடித்து லாரியில் ஏற்றுவான். ஒருமுறை பக்கத்து லயத்துப் பெண் காய்ச்சலாக வந்து அவர்கள் வீட்டில் படுத்தாள். நேசபாய் பேர் எழுத மறந்துவிட்டாள். எலியாவைக் கொண்டுபோனவர்கள் நாலு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் மறக்கவே இல்லை.

அவளுக்கு அங்கே இன்னொரு பயமும் உண்டாகிவிட்டிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. புருஷனுடைய வாய்மேல் உள்ள பயம். எலியா பொய் சொல்லமாட்டார். தோட்டத்து வாசலில் ஒருநாள் பட்டாளக்காரன் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, அடியில் இருக்கும் அரிசி யாருடையது என்று கேட்டான். காட்டுக்கு அரிசி போகக்கூடாது என்று உத்தரவு இருந்த காலம். கூட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. எலியாவைக் கேட்டான். எலியா சொல்லிவிட்டார். அந்தப் பால்வெட்டுக்காரிக்கு இரண்டு வருடம் சிறை. அவள் பிள்ளைகள் மூன்று பேரையும் நேசபாய்தான் சோறு போட்டு வளர்த்தாள். லாரியில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்த பார்வையையும் நேசபாய்தான் சுமந்தாள். "வேற என்ன சொல்லியிருக்கணும் நான்?" என்று எலியா கேட்டார்.

அப்படி முள்கம்பிக்குள்ளிருந்து தப்பித்து ஊருக்கு வந்தால், ஊரும் அதே கோலத்தில் இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சியிலுள்ள தமிழ் பேசும் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று மறியல், ஊர்வலம், கல்லெறி. பாறசாலை கடைத்தெருவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்தவர்கள் இப்போது ஒருவர் பேசுவது தமிழா மலையாளமா என்று மற்றவர் சந்தேகத்தோடு காது கொடுத்தார்கள். ஆகஸ்டு பதினொன்று, புதன்கிழமை, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசு துப்பாக்கி வெடித்தது. செத்தவர் எத்தனை என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

வியாழன் காலை மரச்சீனித் தோட்டத்துக்குள்ளிருந்து தங்கையன் வந்தான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, இடது காலை இழுத்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்துக் கெண்டைக்காலில் கட்டியிருந்தான். கட்டு கறுத்துப்போயிருந்தது.

"அக்கா, பயப்படாத. உண்டை உரசிட்டுத்தான் போச்சு. உள்ள ஒண்ணும் இல்லை."

நேசபாய் முற்றத்தில் இறங்கினாள். அவனைத் தாங்கி உள்ளே கொண்டுபோனாள். எலியாவும் அவளுமாக உள்ளறையின் மச்சுக்கு ஏற்றி, காய்ந்த தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். பிரேமகுமாரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஆள் ஏறியதும் அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியப்பா வீட்டுக் கொட்டகைச் சாய்ப்பில் போட்டுவிட்டு வந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மறியலை முன்னால் நின்று நடத்தியவர்கள் என்று போலீசு தேடுவது எண்ணிப் பத்துப் பேரை. அதில் தங்கையன் பேர் உண்டு என்று மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. பிடிபட்டவர்களை ஸ்டேஷனில் என்ன செய்தார்கள் என்பதும் கூடவே வந்தது. ஒருவனால் இனி எழுந்து நடக்க முடியாதாம்.

அதைக் கேட்டபின் அந்த வீட்டுக்குள் நேசபாய் எப்படி நடமாடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கஞ்சி வைத்தாள், இருட்டியபின் ஏணியை எடுத்துவந்து கட்டு மாற்றினாள், முற்றத்தில் விழுந்த ரத்தத்துளிகளைச் சாணமிட்டு மெழுகினாள். நடுவில் எப்போதோ அவள் கை பென்சிலை எடுத்திருக்கிறது.

சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். காய்ச்சல் ஏறிவிட்டதால் எலியா புண்ணுக்குப் போடும் பொடி வாங்கப் பாறசாலைக்குப் போயிருந்தார். நேசபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது ஏட்டு அப்புக்குட்டனும் மூன்று போலீசுகாரர்களும் படியில் நின்றார்கள்.

"உபதேசியாரு இல்லியோ?"

"பாறசாலைக்குப் போயிருக்காரு."

"எதுக்கு?"

"மருந்து வாங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"ஆருக்கு மருந்து?"

"எனக்கு. கப்பல்ல வந்ததுலேருந்து வயிறு செரியில்லை."

ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையிலேயே வயிற்றுவலிக்காரி போலத்தான் அவள் இருந்திருப்பாள். அவர் கதவைச் சுவரோடு தள்ளித் திறந்துவிட்டு உள்ளே வந்தார். ஒற்றைப் பலகைக் கதவு, சுவரில் இடித்து நின்றது. பலகைக்குப் பின்னால் காகிதம் உரசும் சத்தம் சன்னமாகக் கேட்டது.

அப்போதுதான் நேசபாய்க்கு நினைவு வந்தது. மூன்று பேருக்குக் கீழே, அவளுடைய குண்டு எழுத்தில், நாலாவது ஒரு வரி. தங்கையன், தம்பி, ஆகஸ்டு பன்னிரண்டு முதல்.

கால் தானாக நடந்தது. போய்க் கதவின்மேல் முதுகைச் சாய்த்து, அதைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். போலீசுகாரர்கள் அடுப்படியைக் கிளறினார்கள், பத்தாயத்தைத் திறந்து கைவிட்டுப் பார்த்தார்கள், பெட்டிகளைக் கொட்டினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுவந்த சட்டைத்துணிகள் தரையில் கிடந்தன. ஒருவன் உள்ளறையில் நின்று மேலே பார்த்தான்.

"மச்சுல எந்து?"

"தேங்கா."

"ஏணி எவிட?"

"மூத்தாருக்க வீட்டுல."

"போய் எடுத்துட்டு வரட்டா ஏட்டே?" என்றான் அவன். கேட்ட குரலிலேயே போக மனமில்லை என்று தெரிந்தது. மூன்று நாளாக உறக்கம் இல்லாத முகங்கள். மழையும் சேறுமாகப் பதினேழு வீடு ஏறி இறங்கி வந்தவர்கள்.

"ஏணி வச்சு ஏறித் தேங்கா எண்ணுறதுக்கா நம்ம வந்தோம்?" ஏட்டு முழங்காலைத் தடவிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "மிஷன்காருக்க வீட்டுல அதைவிட எளுப்பம் ஒரு வழி உண்டு. அந்த வேதபுஸ்தகத்தை எடுங்க அம்மா. இஞ்ச கொண்டு வாங்க. அதுல கைய வச்சுச் சத்தியம் சொல்லுங்க, தம்பி இஞ்ச இல்லைண்ணு. நான் எறங்கிப் போறேன்."

வேதபுஸ்தகம் எதிர்ச்சுவரோரம் மேசையில் இருந்தது. ஏழு எட்டு அடி தூரம். கதவை விட்டு நகர்ந்தால் அது காற்றில் தானாகத் திரும்பி வரும், அந்தக் கதவின் குணமே அப்படி. ஏட்டு உட்கார்ந்திருப்பது அதற்கு நேர் எதிரில்.

"எந்தா நிக்கிது? பேடியா, சத்தியம்ணா பயமா?"

அடுப்படி வாசலில் பிரேமகுமாரி வந்து நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நடந்து வந்து தாயின் தோளோடு தோளாகக் கதவில் சாய்ந்தாள். "நான் நிக்கேன்" என்றாள் உதட்டுக்குள். "நீங்க போங்க."

நேசபாய் போனாள். புஸ்தகத்தைப் பெஞ்சில் ஏட்டின் பக்கத்தில் வைத்தாள். அதன் மேலட்டையில் கையை வைத்தாள். அது அவளுடைய தகப்பனார் கல்யாணத்துக்குக் கொடுத்தது, தங்கையன் பிறந்த தேதி அவர் கையெழுத்தில் முதல் பக்கத்தில் இருந்தது.

"எனக்க தம்பி தங்கையன் இந்த வீட்டுல இல்லை. அவன் எங்க உண்டுண்ணு எனக்குத் தெரியாது. தேவன் சாட்சி."

சொல்லி முடித்து நிமிர்ந்தாள். படியில் எலியா நின்றுகொண்டிருந்தார். குடையை மடக்கிய கை அப்படியே நின்றிருந்தது. மற்ற கையில் மருந்துப் பொட்டலம்.

"உபதேசியாரே, நல்ல நேரத்துல வந்தீரு" என்றார் ஏட்டு. "உமக்க வீட்டுக்காரி சத்தியம் செய்தாச்சு. நீரும் ஒரு வாக்கு சொல்லும். மச்சினன் இஞ்ச உண்டா?"

நேசபாய்க்கு முள்கம்பி வாசலும் வாளியும் லாரியும் கண்முன் வந்தன. எலியா அவளைப் பார்த்தார். அவள் கை இன்னும் புஸ்தகத்தின்மேல் இருந்தது, எடுக்க மறந்துவிட்டாள்.

"வேதத்துல கை வச்சு அவ சொல்லியாச்சு" என்றார் எலியா மெதுவாக. "அதுக்கு மேல எனக்க வாக்கு எதுக்கு ஏட்டய்யா?"

ஏட்டு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓ, அங்ஙனயாக்கும். நாளைக்கு மூணாம் ஞாயிறு இல்லியா? அப்பமும் திராட்சரசமும் குடுக்கிய திருவிருந்து உண்டு. நான் அஞ்சு வரை உங்க மிஷன் பள்ளிக்கூடத்துலயாக்கும் படிச்சது. பொய்ச்சத்தியம் செய்தவன் பாத்திரத்துல வாய் வச்சா ரத்தம் கக்குவான்னு சாரு சொல்லித் தந்தாரு. லீவுல வந்த மிஷனெரிதானே பாத்திரம் எடுக்கியது? நீரு உம்ம வீட்டுக்காரிக்குப் பாத்திரம் குடுக்குதைப் பாத்தா எனக்கும் ஒரு சமாதானம். கொடி ஏத்திட்டு வாறேன்." படி இறங்கும்போது திரும்பினார். "குடுக்கல்லைண்ணா, ஏணியும் கொண்டுதான் வருவேன்."

அவர்கள் தோட்டம் கடந்து போகும்வரை யாரும் அசையவில்லை. பிறகு பிரேமகுமாரி கதவிலிருந்து விலகினாள். கதவு மெல்லத் திரும்பி வந்தது. நாலு பேரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்குத் தெரியுமா இது இருக்குண்ணு?" நேசபாய் காகிதத்தைக் காட்டினாள்.

"வியாழாழ்ச்சயே பாத்தேன்."

"பாத்தப்பளே கிழிச்சுப் போட்டா என்ன, பாவி?"

பெண் காகிதத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்க பேருக்கு நேர 'மகள்'ணு எழுதியிருந்தது" என்றாள். "அதான்."

காகிதத்தை அடுப்பில் போட்டது அவள்தான். நேசபாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மச்சிலிருந்து தங்கையன் குரல் வந்தது. காய்ச்சல் குரல், அதிலும் சிரிப்பு. "அக்கா, போயிட்டினுமா? தேங்காயெல்லாம் மூச்சைப் பிடிச்சிட்டுக் கெடக்கு."

"வாயை மூடுலே" என்றாள். அவனைக் குழந்தையில் அதட்டிய அதே அதட்டல்.

விளக்கு வைக்கும் நேரத்தில் எலியா அண்ணன் வீட்டு ஏணியைக் கொண்டுவந்து மச்சில் ஏறினார். மருந்துப் பொடியைத் தங்கையன் காலில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பெஞ்சில் கிடந்த வேதபுஸ்தகத்தை மேசையில் அதன் இடத்தில் வைத்தார்.

அந்தக் குடும்பத்தின் பழைய கதை ஒன்று நேசபாய்க்குத் தெரியும், கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். எலியாவின் தகப்பனார் சபை மூப்பராக இருந்த காலத்தில், சாராயம் காய்ச்சிய தன் சொந்த அண்ணன் திருவிருந்துக்கு வந்து முழங்கால் இட்டபோது, திராட்சரசப் பாத்திரத்தை அவருக்கு நீட்டாமல் அடுத்தவருக்குக் கடத்திவிட்டார். சபையே பார்த்தது. அந்த அண்ணன் குடும்பம் அதோடு வேதக்கோயிலை விட்டே போய்விட்டது. தெரிந்தே பாவத்தோடு இருப்பவனுக்குப் பாத்திரம் கொடுத்தால் கொடுக்கிறவன் தலையிலும் அது விழும் என்று நம்பிய வீடு அது. எலியா அந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுவார்.

"நாளைக்கு எனக்குப் பாத்திரம் தருவீங்களா?" என்று கேட்டாள்.

எலியா விளக்கின் திரியைத் தூண்டினார். தூண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"தெரியல்லை" என்றார்.

வேறு ஆளாக இருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள், கத்தியிருப்பாள். இவரிடம் அது ஒன்றும் செல்லாது. பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா?

"நான் போகாம இருந்தா?"

"நீ போகல்லைண்ணா அவருக்கு மனசிலாகிடும்."

"உடம்பு சுகமில்லைண்ணு சொன்னா?"

"அதும் பொய்தானே நேசம்."

அன்று இரவு அவள் கண் மூடவில்லை. காலையில் வெள்ளைப் புடவை உடுத்தி, பிரேமகுமாரி முன்னே நடக்க, கோயிலுக்கு நடந்தாள். எலியா முன்னதாகவே போய்விட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மலையாளத்தில் ஒரு பாட்டும் தமிழில் ஒரு பாட்டும் பாடினார்கள், இரண்டாவது பாட்டு பாதியில் நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

சபைப் போதகரான ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. அவள் கண் முழுதும் மேற்குச் சன்னலில். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு பாடும்போது அங்கே காக்கி தெரிந்தது. ஏட்டு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சன்னல் கம்பியைப் பிடித்து நின்றார். மரியாதையாகத்தான் நின்றார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முதலில் ஆண்கள் போனார்கள். பிறகு பெண்கள் எழுந்தார்கள். சாராம்மா முன்னே போனாள். நேசபாய் உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் இருந்த பிரேமகுமாரி அவள் முழங்கையின் அடியில் கையைக் கொடுத்தாள். இன்னும் திடப்படுத்தல் சடங்கு ஆகாத பிள்ளை, திருவிருந்துக்கு அவளோடு வர முடியாது. கை கொடுத்துத் தூக்கிவிட்டு விட்டுவிட்டாள்.

பீடத்துத் தடுப்புக் கிராதியின் முன் முழங்கால் இட்டாள். ஐயர் அப்பம் தந்தார். வாயில் போட்டதும் அது ஈரமில்லாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரத்தம் கக்குவான் என்று ஏட்டு சொன்னது நினைவுக்கு வந்தது. அவளும் அதைச் சின்ன வயதில் கேட்டவள்தான். கக்கினால் இங்கேயே, இந்த வெள்ளைப் புடவையில். கக்காவிட்டால் பிறகு எப்போதோ, இதைவிட மோசமாக. தம்பி மச்சில் தேங்காய்களுக்குப் பின்னால் கிடக்கிறான். இந்த நேரம் காய்ச்சலில் தண்ணீர் கேட்பான், கொடுக்க ஆள் இல்லை.

பாத்திரம் வரிசையில் வந்தது. அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எலியாவின் கால்களைத்தான் பார்த்தாள். சாராம்மாவின் முன் நின்றன, நகர்ந்தன. அவள் முன் வந்து நின்றன. வலது காலின் பெருவிரல் நகத்தில் நேற்றைய சேறு இருந்தது.

நின்ற கால் நின்றது. பாத்திரம் கொடுக்கும்போது சொல்லும் வசனத்தை அவர் சொல்லவில்லை. அடுத்து முழங்கால் இட்டிருந்த அயல்வீட்டுச் சுகுமாரி தலையைத் திருப்பிப் பார்த்தாள். நேசபாய் மனதுக்குள் ஜெபிக்கவில்லை, ஜெபிக்க அவளுக்கு வாய் எங்கே? தங்கையனின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கால் இப்போது நகரும், சுகுமாரிக்குப் போகும், அப்புறம் ஏணி வரும்.

கீழுதட்டில் குளிர்ந்த விளிம்பு பட்டது.

வசனம் அவர் வாயிலிருந்து வந்தது. முழுதாக, ஒரு வார்த்தை விடாமல். ஆனால் அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கை நடுங்கிப் பாத்திரம் பல்லில் இடித்தது. அவள் குடித்தாள்.

எழுந்து திரும்பியபோது சன்னலில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை ராஜதாஸ் ஒரு மாட்டு வண்டியில் தேங்காய் மட்டைத் தொண்டும் கயிறும் ஏற்றினார், நடுவில் தங்கையன். காரோடு என்ற ஊர் வழியாகப் பூவாறு, அங்கிருந்து வள்ளத்தில் கடலோரமாகத் திருநெல்வேலிக் கரையிலுள்ள உவரி. அன்றைக்கு மார்த்தாண்டமும் குன்னத்துகாலும் ஒரே சர்க்கார், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் சென்னை ராஜ்யத்துக்குள் போனால்தான் ஆளுக்குப் பத்திரம். ஒன்பதாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. 'சரக்கு சேதமில்லாமல் வந்து சேர்ந்தது' என்று ஒரே வரி. நேசபாய் அதைப் படித்துவிட்டுக் கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தாள். எடுத்ததைக் குனிந்து பார்த்தாள். வெறும் கஞ்சித் தண்ணீர்.

ஜனவரியில் மறுபடியும் கப்பல். வழியனுப்பும் கூட்டத்தில் எலியாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவர், "எனக்காக ஜெபியுங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மனுஷன் தாழ்மைக்காரர் என்று சபை மெச்சியது. மலாயாவில் அவர் பிரசங்கம் செய்தார், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், கடிதம் எழுதிக்கொடுத்தார். பாத்திரம் மட்டும் எடுக்கவில்லை. கை நடுங்குகிறது என்றார். நேசபாய் ஒவ்வொரு தடவையும் திருவிருந்துக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் உதட்டில் விளிம்பு பட்டதும் உடம்பு விறைத்தது. இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஐம்பத்தாறில் மாநில எல்லைக் கோடு விழுந்தது. மார்த்தாண்டம் சேர்ந்த விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம், குன்னத்துகால் சேர்ந்த நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம். தங்கையன் மார்த்தாண்டத்துக்குத் திரும்பி வந்து போராட்டத் தியாகி என்று மாலை போட்டுக்கொண்டான், கடை வைத்தான், பெண் கட்டினான், தொந்தி போட்டான்.

அறுபத்தொன்றில் பிரேமகுமாரியின் கல்யாணம். அதற்கென்றே லீவு எடுத்து வந்தார்கள். பந்தியில் தங்கையன் தான் மச்சில் கிடந்த கதையை எடுத்தான். இரண்டு பக்கத்து உறவும் கேட்டுச் சிரித்தது.

"எலே, அந்த ஏட்டைப் போல ஒரு மடையன் உண்டுமா? ஒரு ஏணி இல்லைண்ணு திரும்பிப் போனான் பாரு! மேல ஏறியிருந்தா நான் இண்ணைக்கு இந்தப் பாயாசம் குடிப்பேனா?"

"தேங்கா எண்ணத் தெரியாத போலீசு" என்றான் யாரோ. மறுபடியும் சிரிப்பு.

பரிமாறிக்கொண்டிருந்த நேசபாய் புருஷன் முகத்தைப் பார்த்தாள். எலியா இலையில் பாதிச் சோற்றை வைத்தபடி எழுந்தார். "என்ன அத்தான், பாயாசம் வரல்லையா?" என்று தங்கையன் கூப்பிட்டான். அவர் கேட்காதது போலப் பந்தலுக்குப் பின்புறம் போனார்.

நேசபாய் கையிலிருந்த வாளியைச் சுகுமாரியிடம் கொடுத்தாள். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு அவர் பின்னால் போனாள். அவர் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். கை சுத்தமான பிறகும் அவர் நீட்டிக்கொண்டே நின்றார், அவளும் செம்பு தீரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.